அந்தக் காளான் விஷயத்தில் தப்பு எங்க மேலதான்

இது அன்னதானப் பட்டியல் இல்லை, நன்கொடை கேட்கும் பதிவும் இல்லை. கொஞ்சம் நீளம். அர்ச்சனை வரிசையில நிக்கும்போது படிச்சு முடிச்சிடலாம்.

போன வருஷம் புரட்டாசியில நடந்த காளான் விஷயம் புலனக் குழுக்கள்ல எப்படியெல்லாமோ சுத்தி வந்தது. "கோவில் சாப்பாட்டுல விஷக் காளான்"னு ஒருத்தர் போட்டார். "அந்த அம்மாதான் கொண்டுவந்து கலந்தாங்க"ன்னு இன்னொருத்தர். ரெண்டும் பொய். நாங்க அன்னைக்கே வாயைத் திறந்திருக்கணும், திறக்கல. உண்மையைச் சொன்னா முதல்ல மாட்டுறது நாங்கதான், அதனாலதான்.

நடந்தது இதுதான். மூணாவது சனிக்கிழமை. ரெண்டு நாளா ராத்திரியில நல்ல மழை. காலையில நாங்க மண்டபத்துக்குப் பின்னால பூசணிக்காய் வெட்டிக்கிட்டு இருந்தோம். ஒரு பெரியம்மா (பேர் வேணாம், பல வருஷமா நம்ம சமையல் கட்டுல உழைச்சவங்க) முந்தானையில எதையோ கட்டிக்கிட்டு வந்தாங்க. பிரிச்சா, வெள்ளை வெளேர்னு பெரிய காளான்கள். கோவிலுக்குப் பக்கத்துத் திடல்ல புல்லுல முளைச்சிருந்ததாம். "தோட்டத்துல இருந்தப்ப இந்த மாதிரி பறிச்சுச் சாப்பிட்டிருக்கோம் தம்பி. இது நல்லதுதானே? பாத்துச் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க.

கவனிங்க. அவங்க கேட்டாங்க. நாங்க கத்தியைக்கூடக் கீழ வைக்காம ஒரு பார்வை பாத்துட்டு, "புத்துக்காளான் மாதிரிதான் இருக்கு பெரியம்மா, நல்லதுதான்"னு சொல்லிட்டோம். அவ்வளவுதான். அன்னைக்கு அன்னதானத்துக்குச் சமையல் எல்லாம் முடிவாகியிருந்ததால அதை அவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. கோவில் பாத்திரத்துல ஒரு துண்டுகூட விழல.

மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள அவங்களுக்கும் ஏழு வயசுப் பேரனுக்கும் வாந்தி, வயித்துப்போக்கு. பையன் துவண்டு போயிட்டான். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்க இருந்த டாக்டர் ரெண்டே கேள்விதான் கேட்டார். சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழிச்சு வாந்தி ஆரம்பிச்சது? அந்தக் காளான் மிச்சம் இருக்கா?

முதல் கேள்வி ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சது. சாப்பிட்ட ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல ஆரம்பிக்கிற வாந்தி பெரும்பாலும் வயித்தோட போயிடும். ஆறு மணி நேரத்துக்கு மேல ஒண்ணுமே தெரியாம இருந்துட்டு அப்புறம் ஆரம்பிச்சாத்தான் பெரிய பயம், அது ஈரலைக் கெடுக்கிற வகையா இருக்கலாம். ரெண்டாவது கேள்விக்கு எங்ககிட்ட பதிலே இல்ல. மீந்த குழம்பைக் கால்வாயில ஊத்தியாச்சு. நறுக்கிப் போட்டதெல்லாம் குப்பை லாரியோட போச்சு. எங்கள்ல ஒருத்தர் டார்ச் லைட்டோட திடலுக்கு ஓடினார். பிள்ளைங்க பந்து விளையாடி எல்லாத்தையும் மிதிச்சிருந்தாங்க. ஒரே ஒரு கிழிஞ்ச குடை கிடைச்சது. பிளாஸ்டிக் பையில முடிச்சுப் போட்டு எடுத்துட்டு வந்தார். காட்டும்போது பைக்குள்ள பழுப்பு நிறத்துல கூழ். "இதை வெச்சு நான் என்ன சொல்றது?"ன்னு டாக்டர் கோபப்படாமத்தான் கேட்டார். எங்களுக்குத் தலையைத் தொங்கப்போடத்தான் முடிஞ்சது.

அம்மன் அருளால ரெண்டு பேரும் ரெண்டே நாள்ல வீடு திரும்பிட்டாங்க. ஆனா பெரியம்மா சமையல் கட்டுப் பக்கம் வர்றதை நிறுத்திட்டாங்க. வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டுட்டு, யார் முகத்தையும் பாக்காம கிளம்பிடுவாங்க.

நம்ம பக்தர் ஒருத்தருடைய மகள் பல்கலைக்கழகத்துல தாவரவியல் படிக்கிறா. விஷயம் கேள்விப்பட்டு, அவளுடைய ஆசிரியரைத் திடலுக்குக் கூட்டிட்டு வந்தா. அதே இடத்துல, அடுத்த மழைக்கு மறுபடியும் முளைச்சிருந்தது. அவர் ஒரு தலையை வெட்டி, பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாள் மேல கவுத்து, மேல ஒரு கண்ணாடி டம்ளரை மூடி வெச்சுட்டு, "நாளைக்குக் காலையில பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். காலையில டம்ளரை எடுத்தா, தாள்ல சக்கரம் மாதிரி கோடு கோடா ஒரு தூள் படிஞ்சிருந்தது. பச்சை நிறம்! வெள்ளைக் காளான்ல இருந்து பச்சைத் தூள்.

அதுதான் அந்தக் காளானுடைய அடையாளமாம். பேர் குளோரோபில்லம் மோலிப்டைட்டிஸ். உலகத்துல வெப்பமான ஊர்கள்ல புல்தரையில சர்வ சாதாரணமா முளைக்கிற ஒண்ணு. இளசா இருக்கும்போது அடியில இருக்கிற செதில்கள் வெள்ளையாத்தான் இருக்கும், முத்தினாத்தான் பச்சை தட்டும். காம்புல ஒரு வளையம் இருக்கும். புத்துக்காளான் வேற சாதி. அதோட காம்பு மண்ணுக்குள்ள வேர் மாதிரி நீண்டு இறங்கும், குடை நடுவுல கூரா ஒரு முனை இருக்கும், தூள் இளஞ்சிவப்பா விழும்.

இந்த இடத்துல ஒரு வார்த்தை. நம்ம அம்மன் கோவில்கள்ல புத்துக்குப் பால் ஊத்துறோம், மஞ்சள் பூசுறோம். தோட்டப்புறத்துல புத்து இருந்த இடத்துல எழும்பின கோவில்கள் எத்தனையோ. அந்தப் புத்துக்குள்ள கறையான் சும்மா இல்ல, விவசாயம் பண்ணுது. தின்னு பாதி செரிச்சு வெளியேத்தின மரத்தூளை வெச்சுத் தேன்கூடு மாதிரி ஒண்ணு கட்டி, அதுல காளானை வளர்த்து, அதைத் தின்னுது. மழை பெய்ஞ்சு நேரம் கூடி வந்தா, அந்தக் கூட்டுல இருந்துதான் காளான் மண்ணைப் பொத்துக்கிட்டு மேல வருது. மலாய்க்காரங்க அதைச் 'செண்டாவான் பூசுட்'னு சொல்றாங்க, பூசுட்னா புத்து. நம்ம தாத்தா பாட்டிங்க "அம்மன் கொடுத்தது"ன்னு சொல்லிப் பறிச்சாங்க. அவங்களுக்கு அந்த வேர்க்காம்பு தெரியும், தோண்டிப் பார்ப்பாங்க. நாங்க கத்தியைக்கூடக் கீழ வைக்கல.

அந்த ஆசிரியர் போகும்போது, "உங்களுக்குக் காட்டுல வந்து உதவி செய்ய ஆள் இருக்கா? கடற்கரைக் காட்டுல சின்னக் காளான்களைப் பதிவு செய்றோம், கை போதல"ன்னு கேட்டார். பிராயச்சித்தம்னு நினைச்சோமோ, வெக்கத்துல ஒத்துக்கிட்டோமோ தெரியல. ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் ஞாயிறு ஞாயிறு போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானுக்குப் போனோம்.

மாசி மகத்துக்கும் அஸ்தி கரைக்கவும் போர்ட்டிக்சன் கடலுக்கு நம்மள்ல போகாதவங்க குறைவு. ஆனா அந்த முனையில இருக்கிற காட்டுக்குள்ள போனவங்க எங்கள்லயே ரெண்டு பேர்தான். கலங்கரை விளக்கம் வரைக்கும் ஏத்தமான தார் ரோடு. மார்ச் மாசத்துல சுமத்ராவுல இருந்து கடல் தாண்டி வர்ற பருந்துக் கூட்டத்தைப் பார்க்க ஜனங்க கூடுற இடம் அது. ரோட்டை விட்டு இறங்கினா அடர்த்தியான காடு, கீழ பாறை, கடல். பாதுகாக்கப்பட்ட காடு அது, அனுமதி இல்லாம ஒரு இலையைக்கூட எடுக்கக் கூடாது. நாங்க எடுத்ததெல்லாம் ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்திருந்த அனுமதியில, அவங்க கண் முன்னால எடுத்தது. தயவு செஞ்சு இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாரும் கூடையோட கிளம்பிடாதீங்க.

காளான்னதும் குடை அளவுக்கு எதையோ தேடித்தான் நாங்க போனோம். முதல் ஒரு மணி நேரம் ஒண்ணுமே கண்ணுல படல. அப்புறம் அந்த ஆசிரியர், "நடக்காதீங்க, உக்காருங்க"ன்னார். உக்காந்தோம். உக்காந்த இடத்துலயே இருந்தது. உதிர்ந்த இலை ஒவ்வொண்ணுலயும், தலைமுடி மாதிரி கறுப்புக் காம்பு, அது மேல பச்சரிசி அளவுக்கு ஒரு குடை. மராஸ்மியஸ்னு பேர். பத்து மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸ்ல பார்த்தா, குடைக்கு அடியில செதில்கள் எல்லாம் காம்பைத் தொடாம, காம்பைச் சுத்தி ஒரு சின்ன வளையத்துல போய்ச் சேர்ந்திருக்கு. தேர்ச் சக்கரத்துல ஆரக்கால் குடத்துல சேர்ற மாதிரி. எத்தனை செதில்னு எண்ணி எழுதணுமாம். எண்ணினோம். ஒண்ணுல 12, பக்கத்து இலையில இருந்ததுல 17. எண்ணிக்கை மாறினா வேற வகையா இருக்கலாம், அதனால அது வேற பொட்டலம், வேற எண்.

வெயில்ல காஞ்சு சுருங்கி, செத்துப் போச்சுன்னு நினைச்ச ஒண்ணு மேல தண்ணி தெளிச்சார். கொஞ்ச நேரத்துல குடை விரிஞ்சது. எங்க கூட வந்த பையன் அதையே நாலு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தான்.

விழுந்து கிடந்த கிளையில இளஞ்சிவப்பா அகல் விளக்கு வரிசை. குக்கீனா. கிண்ணம் மாதிரி, விளிம்புல மெல்லிசா ரோமம், உள்ளுக்குள்ள மழைத் தண்ணி. காத்து படாத பள்ளத்துல அது நிறைய இருந்தது. கடல் பார்த்த சரிவுல உப்புக் காத்துக்கு எல்லாம் காஞ்சு, பேருக்கு ரெண்டு மரக்காளான். பட்டுப்போன கட்டையில விசிறி விசிறியா வெளுத்த ஒண்ணைப் பார்த்ததும் எங்கள்ல ஒருத்தர், "இது கித்தாக் கட்டையில வருமே!"ன்னு கத்திட்டார். சரிதான். மலாய்க்காரங்க 'குலாட் சிசிர்'னு தேங்காய்ப்பால் ஊத்தி மிளகாயோட சமைக்கிறது அதைத்தான். அடியில செதில் ஒவ்வொண்ணும் நெடுக ரெண்டாப் பிளந்திருக்கு. சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கோம், அடியைத் திருப்பிப் பார்த்ததில்ல.

இனி எங்க கோமாளித்தனம். முதல் ஞாயிறு 23 எண் எடுத்தோம். அதுல பாதியை ஒரே பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பதினொண்ணு வீண். ஆஸ்பத்திரியில பட்டும் புத்தி வரல பாருங்க. மீதி 12 சீட்டுலயும் இடம்னு 'நெகிரி செம்பிலான்'னு எழுதி வெச்சிருந்தோம். சுத்திலும் நெகிரி செம்பிலான்தான், ஆனா அந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். அத்தனையையும் அடிச்சுத் திருத்தினோம். நோட்டுல முதல் பக்கத்துல வழக்கம் போல பிள்ளையார் சுழி போட்டிருந்தோம். அந்த ஆசிரியர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துட்டு, "இது எந்த வகைக்குக் குறியீடு?"ன்னு கேட்டார். சொன்னோம். சிரிச்சுட்டு, அடுத்த வாரம் அவரே, "சுழி போட்டாச்சா?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டார்.

குரங்குங்க வேற. சாப்பாட்டுப் பொட்டலம்னு நினைச்சு ஒரு தட்டையே தூக்கிட்டுப் போயிடுச்சு. அந்தக் காலத்துல சிங்கப்பூர் பூமலையில துணை இயக்குநரா இருந்த கார்னர்னு ஒரு வெள்ளைக்காரர், 1929-ல மலாயாவுக்கு வந்தவர், பெரோக் குரங்குகளைப் பழக்கி உயரமான மரத்துல இருந்து கிளை, பூ எல்லாம் பறிக்க வெச்சாராம். காளான்லயும் பெரிய ஆள். அவருக்குக் குரங்கு பறிச்சுக் கொடுத்தது, எங்ககிட்ட பறிச்சதைப் பிடுங்கிட்டுப் போச்சு.

பொட்டலத்துலதான் எங்களுக்குக் கொஞ்சம் மரியாதை கிடைச்சது. சின்னக் காளான்களைத் தாள்ல தனித்தனியா மடிக்கணும், பிளாஸ்டிக் ஆகாது, வேர்த்துக் குழைஞ்சிடும். மாணவர்கள் ஆளுக்கொரு விதமா மடிச்சுக்கிட்டு இருந்தாங்க, எல்லாம் பிரிஞ்சு பிரிஞ்சு விழுந்தது. நாங்க விபூதிப் பொட்டலம் மடிக்கிற மாதிரி மடிச்சுக் கொடுத்தோம். தலைகீழாக் கவுத்தாலும் ஒண்ணும் கொட்டாது. இப்ப அங்க எல்லாரும் அப்படித்தான் மடிக்கிறாங்க.

மத்த வேலை எல்லாம் பொறுமைதான். எடுக்கிறதுக்கு முன்னால முளைச்ச இடத்துலயே படம். மேல இருந்து ஒண்ணு, அடிப்பக்கம் ஒண்ணு, நெடுக வெட்டி ஒண்ணு, பக்கத்துல அளவுகோல், எண் சீட்டு. எதுல முளைச்சதுன்னு எழுதணும்: மண்ணா, இலையா, கட்டையா. நிறம், வாசனை எழுதணும், ஏன்னா காஞ்சதும் ரெண்டும் போயிடும். அன்னைக்கு ராத்திரியே 45 டிகிரி சூட்டுல காய வைக்கணும். காய வைக்கிற பெட்டியை மடப்பள்ளிக்குப் பக்கத்து ஸ்டோர்ல வைக்கலாமான்னு கேட்டதுக்குக் குருக்கள் ஐயா கையெடுத்துக் கும்பிட்டார். "அன்னதானத்துல காளான் சம்பல் போடுறீங்க, நான் கண்டுக்கல. நைவேத்தியம் பண்ற இடத்துக்குக் கிட்ட மட்டும் வேண்டாம்"னு. அவர் சொல்றதும் நியாயம்தான். எங்கள்ல ஒருத்தர் வீட்டுக் கார் கொட்டகையில வெச்சோம், அவர் மனைவி இன்னும் எங்களோட சரியாப் பேசறதில்ல.

நிறம் எழுதறதுலதான் நாங்க திணறினோம். எல்லாமே 'பழுப்பு'. லேசான பழுப்பு, அடர்ந்த பழுப்பு, ஒரு மாதிரி பழுப்பு. அந்த ஆசிரியர் நோட்டைப் பார்த்துட்டு, "இதை வெச்சு அடுத்த வருஷம் வர்றவன் எதைக் கண்டுபிடிப்பான்?"னு கேட்டார். டாக்டர் கேட்ட அதே மாதிரி.

அன்னைக்குச் சாயங்காலம்தான் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கப் போனதுன்னு சொல்லிக்கிறோம், ஆனா வாசல்ல நின்னு ஆளுக்காள் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். கடைசியில எங்கள்ல வயசுல மூத்தவர்தான் பேசினார். "நீங்க கேட்டீங்க பெரியம்மா. தெரியாததைத் தெரியும்னு சொன்னது நாங்க. ஊர்ல உங்களைப் பேசும்போதும் சும்மா இருந்துட்டோம்." அவங்க ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "பேரன் இப்பவும் காளான்னா அழுவுறான்பா"ன்னாங்க. "என் மேல நம்பி வாயைத் திறந்தான் அந்தப் பிள்ளை." அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல, இப்பவும் இல்ல.

தேத்தண்ணி கொடுத்தாங்க. கையில இருந்த தட்டை என்னன்னு கேட்டாங்க. திறந்து காட்டினோம். பயந்துதான் காட்டினோம். அவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தாங்க, மோந்தாங்க. "இதை என்ன பழுப்புன்னு எழுதி வெச்சிருக்கீங்க? கருப்பட்டிப் பாகு முத்தும்போது வர்ற நிறம்லா இது." அடுத்தது, "இது ஆறின டீயில பால் ஏடு." இன்னொண்ணை மோந்துட்டு, "உருளைக்கிழங்கு வேக வெச்ச தண்ணி." தோட்டத்துல பால் வெட்டிட்டு வந்து, லயத்துல விறகடுப்புல சமைச்ச கை. நாங்க எழுத எழுத அவங்க சொல்லிக்கிட்டே போனாங்க. அந்த வாரம் கொடுத்த பட்டியலைப் படிச்சுட்டு ஆசிரியர், "இது யார் எழுதினது?"ன்னு கேட்டார். இப்ப தட்டு முதல்ல அவங்க வீட்டுக்குத்தான் போகுது, அப்புறம்தான் காய்ச்சல் பெட்டிக்கு.

அந்தப் பச்சைத் தூள் படிஞ்ச தாளையும் அன்னைக்கு எடுத்துட்டுப் போயிருந்தோம். காட்டலாமா வேண்டாமான்னு தயங்கினோம். அவங்களே கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து, "பாசிப்பயறு"ன்னாங்க. அப்படியே எழுதிட்டோம்.

ரெண்டு மாசத்துல 140-க்கு மேல பொட்டலம். அதுல பேர் தெரிஞ்சது பாதிகூட இல்ல, சின்னதுங்க பல விஷயத்துல இன்னும் ஆராய்ச்சியே முடியலன்னு சொல்றாங்க. பெரிய திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிற மாதிரி உடனே ஒண்ணும் ஆகிடாது.

இப்ப உங்ககிட்ட கேக்கிறது. யாராவது எங்ககிட்ட காளானைக் கொண்டுவந்து "சாப்பிடலாமா?"ன்னு கேட்டா, பதில் "தெரியாது"தான். இத்தனை ஞாயிறு காட்டுல உக்காந்த பிறகும் அதேதான். வெள்ளிக் காசு போட்டு வேக வெச்சாக் கறுத்துடும், பூச்சி தின்னா விஷமில்ல, இதெல்லாம் கதை. பூச்சிக்கு வேற வயிறு. யாருக்காவது சாப்பிட்டு ஒத்துக்கலைன்னா, மருந்து தேடாம நேரா ஆஸ்பத்திரி. மீந்த குழம்பு, நறுக்கின துண்டு, முளைச்ச இடத்துல இன்னொண்ணு இருந்தா காம்போட தோண்டி, தாள்ல மடிச்சு எடுத்துட்டுப் போங்க. எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்கு வாந்தி, தாள் மேலயே எழுதிடுங்க. பினாங்குல அறிவியல் பல்கலைக்கழகத்துல தேசிய நச்சு மையம் இருக்கு, டாக்டர்களே அவங்களைக் கேப்பாங்க.

புலனத்துல பழைய செய்தியை இன்னும் வெச்சிருக்கிறவங்க அழிச்சிடுங்க. அனுப்பினவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும், பேர் சொல்லப் போறதில்ல.

பெரியம்மா போன வெள்ளிக்கிழமை சமையல் கட்டுக்கு வந்தாங்க. சாம்பார்ல உப்பு கம்மின்னு திட்டிட்டுப் போனாங்க. வர்ற ஞாயிறு காலை ஆறரைக்குக் கோவில் வாசல்ல இருந்து வேன் கிளம்புது, நாலு இடம் காலியா இருக்கு. முழுக்கை சட்டை, மூடின காலணி, கொசு மருந்து. பசியாற இட்லி கோவில்ல இருந்து வரும். குரங்கு கண்ணுல படாம வெச்சுக்கிறது உங்க பொறுப்பு.